வெடித்தபின் உண்ணும் பழம்



தொலைவூர்ச் சந்தைக்குப் போக முடியாத பழம் ஒன்று நம்மிடையே உண்டு. பழுத்த அன்றே அதன் தோல் தானாக வெடித்துவிடும். ஓரிரு நாளில் உண்டு முடித்துவிட வேண்டும். வண்டியில் அடுக்கி நூறு கல் தொலைவு அனுப்பினால், போய்ச் சேர்வது பழமாக இராது. கோடையில் சாலையோரத்திலும் உள்ளூர்ச் சந்தையிலும் சில வாரங்கள் தலைகாட்டிவிட்டு மறைந்துபோகும் வெள்ளரிப்பழத்தைத்தான் சொல்கிறேன். பாலாற்றங்கரை ஊராகிய வாலாஜாபாத்தில், என் வீட்டுக் கொல்லையில், ஆண்டுதோறும் இதனைப் பயிரிட்டு வருகிறேன். இதனை வளர்க்கும் முறையையும், இதன் சுவையையும், இதன் விதையைக் காப்பது ஏன் தேவை என்பதையும் இன்று உங்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறேன்.

முதலில் பெயரைக் கவனிப்போம். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில் மஞ்சள் தோலும் ஊதா வரியும் கொண்ட பழம் ஒன்று விளைகிறது. அங்கு வந்த ஸ்பானியர் அதற்குப் 'பெப்பினோ துல்சே' என்று பெயரிட்டனர். 'இனிப்பு வெள்ளரி' என்பது அதன் பொருள். ஆனால் அது வெள்ளரியே அன்று. கத்தரி, தக்காளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பெரு நாட்டின் மோச்சே மக்கள் அப்பழத்தின் வடிவத்தில் மட்கலங்கள் வனைந்தனர். அத்துணைப் பழமையான பழத்திற்கு, வந்தவர் கண்ட தோற்ற ஒப்புமை ஒன்றே பெயராகிவிட்டது.

நம் வெள்ளரிப்பழத்தின் கதையும் இத்தகையதே. இதுவும் வெள்ளரி அன்று. முலாம்பழம் என்றும் கிர்ணிப்பழம் என்றும் நாம் சொல்கிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்தது இது. இதற்குச் சான்று வேண்டுமானால் உயிரணுவினுள் நோக்க வேண்டும். வெள்ளரியின் உயிரணுவில் 14 நிறமூர்த்தங்கள் உள்ளன. முலாம்பழத்திலும் வெள்ளரிப்பழத்திலும் 24 உள்ளன. ஆகவே வெள்ளரிக் கொடியும் வெள்ளரிப்பழக் கொடியும் அருகருகே படர்ந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கிர்ணிக் கொடியோடு மட்டும் இது தாராளமாகக் கலக்கும். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விதை எடுக்கும்போது பயன்படும்.

இந்த இனத்திற்கு நம் நாடு அந்நிய நாடன்று. உலகெங்கும் திரட்டிய 1,175 விதை வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முலாம் இனம் மூன்று முறை தனித்தனியே மனிதனால் வசப்படுத்தப்பட்டது என்றும், அவற்றுள் இரண்டு இந்தியாவிலும் ஒன்று ஆப்பிரிக்காவிலும் நிகழ்ந்தன என்றும் அது தெரிவிக்கிறது. நம் இலக்கியத்திலும் இக்குடும்பத்திற்கு இடமுண்டு. புறநானூற்றின் 246-ஆம் பாட்டில், அணிலின் முதுகுபோல் வரியோடிய வளைந்த காயையும் அதனுள் இருக்கும் வெண்ணிற விதையையும் பெருங்கோப்பெண்டு குறிப்பிடுகிறார். அதனை வெள்ளரி என்றே உரைகாரர் கொள்வர். கொடியடியில் கிடக்கும் வரிக்காயைக் காணும்போதெல்லாம் அந்த அணில் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இனிப் பயிரிடும் முறையைச் சொல்கிறேன். தை பிறந்து பனி குறையத் தொடங்கியதும் விதைக்கலாம். ஒரு முழம் அகலமும் ஒரு முழம் ஆழமும் உள்ள குழி தோண்டி, நன்கு மக்கிய தொழுவுரத்தையும் மணற்பாங்கான மண்ணையும் கலந்து நிரப்ப வேண்டும். இக்கொடிக்கு மணல் உகந்தது. ஆற்றில் வெள்ளம் வடிந்தபின் மணலிலேயே குழியெடுத்து வெள்ளரியும் தர்ப்பூசணியும் பயிரிடும் வழக்கம் இந்நாட்டின் மணலாறுகள் பலவற்றில் உண்டு. களிமண் நிலமாயின் நீர் தேங்கி வேர் அழுகும்.

விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, குழிக்கு நான்கு விதையாக விரற்கடை ஆழத்தில் ஊன்றினால், ஒரு வாரத்திற்குள் முளை காணும். நன்கு வளரும் இரண்டு நாற்றுகளை விட்டு மற்றவற்றைக் களைந்துவிடலாம். கொடி படர்ந்ததும் மஞ்சள் நிறப் பூக்கள் தோன்றும். முதலில் வருவன ஆண் பூக்கள். அவை காய்க்காமல் உதிர்வதைக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை. சில நாள் கழித்துப் பெண் பூ வரும். அதன் அடியில் விரல் நுனியளவு பிஞ்சு ஒன்று ஒட்டியிருக்கும், அதுவே அடையாளம். காலை வேளையில் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால்தான் அந்தப் பிஞ்சு பிழைக்கும். ஆதலால் பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து தெளிப்பது, விருந்தினரை அழைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும்.

பகைகளும் உண்டு. செந்நிற வண்டு இளந்தளிரைத் தின்னும். விடியற்காலையில் அது சோம்பியிருக்கும்போது கையால் பொறுக்கி அகற்றலாம். பழ ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும். உள்ளே புழு வைத்துக் காய் அழுகும். பிஞ்சு எலுமிச்சையளவு ஆவதற்கு முன்பே பழந்துணியால் தளர்வாகப் பை தைத்து மூடிவிட்டால் ஈ அணுகாது. புழு வைத்த காயைக் குப்பையில் எறியாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். தரையில் கிடக்கும் காய்க்கு அடியில் வைக்கோல் பரப்பினால் ஈரத்தினின்று காக்கலாம்.

பூத்த ஓரிரு திங்களில், பங்குனியும் சித்திரையுமாகிய நாள்களில், காய் முதிர்ந்து பழமாகிறது. இங்கேதான் வேடிக்கை. பழுக்கும் தறுவாயில் எத்திலீன் என்னும் வாயு பழத்தினுள் மிகுதியாகத் தோன்றுகிறது. அதன் ஏவலால் காம்பும் பழமும் சேருமிடத்தில் ஒரு பிரிவுப் படலம் உண்டாகி, பழம் தானே கொடியை விட்டு விலகுகிறது. இறப்பினின்று விடுதலை பெறுவதற்கு உவமையாக, காம்பினின்று விடுபடும் வெள்ளரிக் கனியை இருக்கு வேத மந்திரம் ஒன்று கூறுவதும் இத்தன்மை நோக்கியே. அதே வேளையில், அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை கரைகிறது. சதை மாவுபோல் நெகிழ்கிறது; மெல்லிய தோல் தாங்கமாட்டாமல் வெடிக்கிறது. மணம் கொல்லை முழுதும் பரவுகிறது. தோலில் முதற்கீறல் கண்டவுடனே நான் வாழைநாரால் பழத்தைச் சுற்றிக் கட்டி, நிழலில் வைத்துவிடுவேன்.

சுவையைப் பற்றி மிகைப்படுத்தாமல் கூறவேண்டும். கிர்ணிப்பழத்தின் இனிப்பை எதிர்பார்த்து இதனை வாயிலிடுபவர் ஏமாறுவர். இதில் சர்க்கரை குறைவு. ஆனால் மணம் மிகுதி. வாயில் கரையும் மாவுத்தன்மை வேறெந்தப் பழத்திலும் இல்லாதது. விதை நீக்கிய சதையில் வெல்லத்தைப் பொடித்துத் தூவி, சிறிது ஏலப்பொடி சேர்த்து, அரைமணி நேரம் பானையருகே குளிர வைத்து உண்டு பாருங்கள். கத்திரி வெயிலில் அதற்கு இணையான உணவு வேறில்லை என்று நான் துணிந்து சொல்வேன். இனிப்பை நாம் சேர்க்கிறோம். மணத்தைக் கொடி சேர்க்கிறது.

இனி, இவ்வளவு எளிய பழத்தைப் பற்றி மாணவர்களாகிய உங்களிடம் ஏன் பேசவேண்டும் என்பதற்கு வருகிறேன். கொடியின் இலைமேல் வெண்ணீறு பூசினாற்போல் படரும் சாம்பல் நோயை நீங்கள் பூசணிக் கொடியில் கண்டிருப்பீர்கள். 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இம்பீரியல் பள்ளத்தாக்கு என்னும் இடத்தில், முலாம்பழத் தோட்டங்களை இந்நோய் பற்றிக்கொண்டது. அங்கிருந்த வகைகளில் அதனைத் தாங்கும் ஆற்றல் இல்லை. உலகெங்கும் விதை தேடியபோது, அந்த ஆற்றல் இந்தியாவிலிருந்து சென்ற விதை ஒன்றில் கிடைத்தது. அதனைத் தம் பழத்தோடு கலப்புச் செய்து, பி.எம்.ஆர். 45 என்னும் வகையை 1936-ஆம் ஆண்டில் உழவர்க்கு வழங்கினர். இரண்டே ஆண்டில், 1938-இல், அந்த வகையையும் தாக்கவல்ல புதிய நோய்வகை தோன்றியது. மீண்டும் எதிர்ப்பாற்றல் உள்ள விதைகளைத் தேட வேண்டியதாயிற்று. பிற்காலத்தில், நம் வெள்ளரிப்பழ வகையையே சேர்ந்த இந்திய விதை ஒன்று, பி.ஐ. 414723 என்னும் எண்ணோடு உலக ஆராய்ச்சிக்கூடங்களில் புகழ்பெற்றது. அசுவினியையும் ஒருவகை நச்சுயிரி நோயையும் எதிர்க்கும் ஆற்றல் அதில் இருந்ததே காரணம்.

எண்ணிப் பாருங்கள். அந்த விதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் யார்? ஆராய்ச்சிக்கூடத்தார் அல்லர். உண்டது போக ஒரு பழத்தின் விதையை எடுத்து, கழுவி உலர்த்தி, அடுத்த கோடைக்கென முடிந்து வைத்த வீட்டார். நோயெதிர்ப்பு என்னும் சொல்லையே அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். சென்ற ஆண்டு பிழைத்த கொடியின் விதை நல்ல விதை என்பதை அறிந்திருந்தார்கள்.

இன்று சந்தையின் ஆட்சி நடக்கிறது. வெடிக்காத பழமும், அடுக்கினால் நசுங்காத பழமுமே வணிகர்க்கு வேண்டும். பாலாற்றிலோ மணல் பெருமளவு அள்ளப்பட்டுவிட்டது. சந்தையும் ஏற்காமல் மணலும் குறைந்தால், இப்பழம் எங்கே போகும்? அரசும் அறிஞரும் வாளாவிருக்கவில்லை. 1976-இல் அமைந்த தேசியத் தாவர மரபுவளப் பணியகம் புதுதில்லியில் விதைகளை உறைகுளிரில் காத்து வருகிறது. பிகானேரில் உள்ள வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனம் வெள்ளரிப்பழத்தில் ஏ.எச்.எஸ். 10, ஏ.எச்.எஸ். 82 என்னும் தேர்ந்த வகைகளைத் தந்துள்ளது. கேரளத்தின் கொடுங்ஙல்லூர்ப் பொட்டுவெள்ளரி அண்மை ஆண்டுகளில் புவிசார் குறியீடு பெற்றது. இவையெல்லாம் போற்றத்தக்கன. ஆயினும் குளிர்பெட்டியில் உறங்கும் விதை, வெளியே மாறிவரும் வெயிலையும் புதிய நோயையும் அறியாது. ஆண்டுதோறும் மண்ணில் விழுந்து முளைக்கும் விதையே காலத்தோடு நடந்து பழகுகிறது. இரண்டும் வேண்டும், இரண்டாவது நம் கையில் உள்ளது.

விதை எடுப்பது கடினமன்று. அருகில் கிர்ணிக் கொடி இருந்தால் கலப்பு நேரும் என்று சொன்னேன். அதனைத் தவிர்க்க, மறுநாள் மலரவிருக்கும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ் நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவி, மீண்டும் கட்டி, காம்பில் ஓர் அடையாள நூல் இடுங்கள். நோயின்றித் தழைத்த கொடியையே இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பழம் வெடித்தபின் விதையைக் கழுவி, நிழலில் நன்கு உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத குப்பியில் ஆண்டைக் குறித்து வையுங்கள். ஒரே பழத்தில் பல வீடுகளுக்குப் போதுமான விதை கிடைக்கும்.

கொல்லை இல்லாதவர் அகன்ற தொட்டியிலோ, மண் நிரப்பிய சாக்கிலோ வளர்க்கலாம். பள்ளி வளாகத்தின் ஒரு மூலையும் போதும். கோடையில் சாலையோரத்தில் இப்பழத்தைக் கண்டால், ஒன்றை வாங்கி உண்ணுங்கள். உண்டபின் விதையை எறிந்துவிடாதீர்கள். விற்பவரிடம் அது எந்த ஊர்க் கொடி, எந்த மண், எப்போது விதைத்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். தை மாதத்தில் அதனை ஊன்றுங்கள்.