வீட்டுக்குள் நடப்பதும் கடைத்தெருவில் நடப்பதும்



பக்கவாதம் வந்து தேறியவரிடம் "நடக்கிறீர்களா?" என்று கேட்டால், "நடக்கிறேனே!" என்பார். எங்கே? படுக்கையிலிருந்து குளியலறைக்கு. லகாட் கடைத்தெருவுக்குப் போய் எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும்.

அதனால்தான் பிசியோதெரபியில் நடையை அளக்கிறோம். 10 மீட்டர் தூரத்தை உங்கள் வழக்கமான வேகத்தில் நடக்க வேண்டும். கைத்தடியோடும் நடக்கலாம். 25 வினாடிக்கு மேல் ஆனால், அது பெரும்பாலும் வீட்டோடு நிற்கிற நடை. 12 வினாடிக்குள் முடித்தால் வெளியே போய்வரும் வேகம் இருக்கிறது. நடுவில் இருப்பவர்கள் வெளியே போகலாம், ஆனால் அளவோடு. 1995இல் அமெரிக்காவில் ஜாக்குலின் பெர்ரி குழுவினர் வகுத்த அளவுகோல் இது.

வேகம் மட்டும் போதாது. கிளினிக்கில் தரை சமமாக இருக்கும். வெளியே கால்வாய் உண்டு, படி உண்டு, பின்னால் மோட்டார் சைக்கிள் உண்டு. பேசிக்கொண்டே நடந்தால் கால் தடுமாறுகிறதா? சாலையைக் கடக்கப் பயமா? வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்கும் பயிற்சி உண்டு.

கோயிலோ சந்தையோ, போக ஆசைப்படும் இடத்தையும் சொல்லுங்கள். அங்கே போவதற்கு என்ன தேவையோ, அதைப் பழக்குவோம். "விழுந்திடுவீங்க, உட்காருங்க" என்று பிள்ளைகள் தடுத்தால், பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் கூட நடந்து வரச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது வெளியே போடும் காலணியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.