பாலாற்றங்கரையில் ஒரு மானியக் கணக்கு

பட்டம் பெறும் பாலாற்றங்கரைப் பிள்ளைகளிடம் பேசுவதால் ஒரு கணக்கோடு தொடங்குகிறேன்.

2025-26 மத்திய பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஏறத்தாழ 1.68 லட்சம் கோடி ரூபாய். வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைக்குச் சுமார் 10 ஆயிரம் கோடி. காரணம் ரகசியமல்ல. யூரியா மூட்டை விலை ஏறினால் மறுநாளே மறியல். ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி நாற்காலி காலியாகக் கிடந்தால் யார் சாலைக்கு வருவார்கள்?

விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரமும் மானியம்தான்; அதை நான் குறை சொல்லவில்லை. கிணற்றை நம்பிய இந்தப் பாலாற்றங்கரையில் பல வீடுகளில் உலை கொதித்தது அதனால்தான். ஆனால் மோட்டார் இலவசமாக ஓடி, ஏறுவது உப்புத் தண்ணீராக இருந்தால்?

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு அந்த உப்பு நாக்கில் தெரியும். நாக்கின் சாட்சி கோர்ட்டில் செல்லாது. வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம்தான் முதற்கட்டக் கணக்கெடுப்பு நடத்தி, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகச் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் அந்த எண் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. மானியக் கணக்கில் தூசுக்குச் சமமான செலவில் கிடைத்த எண்!

மானியம் ஆலைகளுக்கும் உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட மத்திய அரசு பணம் தர முன்வந்தது. அந்நியச் செலாவணி ஈட்டும் முதலாளிகளுக்குச் சங்கம் இருக்கிறது, டெல்லிக்கு வழியும் தெரியும். சிதறிக் கிடந்த விவசாயிகளில் சுமார் 29 ஆயிரம் பேருக்கு நிர்ணயமான இழப்பீடு ஏறத்தாழ 27 கோடி. தலைக்குப் பத்தாயிரம்கூட இல்லை; போர் போடக் காணாது. அதிலும் பாக்கி. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், கிடைக்காதவர்களுக்கு அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்றது; சுற்றுச்சூழல் தணிக்கைக்குக் குழு அமைக்கவும் சொன்னது.

தணிக்கை என்றால் மண் பரிசோதனையும் வேண்டும். வரப்போரம், எருக்குவியல் தவிர்த்து, ‘வி’ வடிவக் குழி வெட்டி, அரையடி ஆழம் வரை மண் சுரண்டி, நிழலில் உலர்த்தி, சர்வே எண் எழுதிப் பையில் கட்ட வேண்டும். வேதியியல் படித்தவர்கள் இதற்கு வாருங்கள். தோல் கம்பெனி சம்பளம் கிடைக்காது. வீட்டில் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.