ஒட்டுத்துணித் தையலில் மூட்டும் முனையும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரை அறியாதார் இந்தக் கொம்யூன்களில் இரார். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்தார்; 1954-ல் அவ்வாட்சி நீங்கிய பின்னரும் அவ்வழக்கம் ஒழியாமல், துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாக நிலைத்திருக்கிறது. வடம் பிடிப்பவரைக் காண எல்லோரும் முண்டுவர். தமிழ்நாட்டுத் தேர்களில் தொங்கும் தொம்பையைத் தைத்தவர் யாரென்று கேட்பார் அரிது.

தொம்பை என்பது உருளை வடிவான துணித் தொங்கல். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துத் தையற்காரர்கள் இத்தொழிலில் பேர்பெற்றவர்கள். வெட்டிய உருக்களைத் துணிமேல் வைத்துத் தைப்பது ஒரு வகை. பல வர்ண முக்கோணங்களையும் சதுரங்களையும் ஒன்றோடொன்று மூட்டுவது மற்றொரு வகை. பின்னதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம். ஒட்டுத்துணிப் போர்வை தைப்போருக்கும் இது பொருந்தும். ஆயினும் ஒரு பேதம் உண்டு. போர்வையில் பிசகு நேர்ந்தால் ஓரத்தை வெட்டிச் சரிக்கட்டலாம். தொம்பையின் பட்டையோ சுற்றி வந்து தன்னோடு தானே சேரவேண்டும். பிசகை ஒளிக்க அதில் ஓரமே இல்லை.

கணக்கைப் பார்ப்போம். மூன்றங்குலத் துண்டுகள் பதினாறு சேர்ந்தால் நாற்பத்தெட்டு அங்குல வளையம். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் விட்டு, துண்டுகளை மூன்றரை அங்குலமாக வெட்டுவது முறை. தைப்பவள் கால் அங்குலத்துக்கு மேல் ஒரு வீசம் கூடுதலாகப் பிடித்தால், மூட்டு ஒன்றுக்கு இருபுறமுமாக அரைக்கால் அங்குலம் போகும். பதினாறு மூட்டில் இரண்டங்குலம் நஷ்டம். நாற்பத்தாறு அங்குலப் பட்டை நாற்பத்தெட்டு அங்குல வளையத்தில் ஏறாது. கண்ணுக்குத் தெரியாத வீசம் ஒரு நாளைய கூலியைத் தின்றுவிடுகிறது.

பிசகு பெரும்பாலும் வெட்டும்போதே தொடங்குகிறது. முதலில் வெட்டிய துணியையே அளவாக வைத்து அடுத்ததை வெட்டினால், ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சற்றுப் பெரிதாகும். அட்டை அச்சும் கத்தரி பட்டுத் தேயும். ஆகையால் தகர அச்சு ஒன்றைச் சங்கமே செய்து கொடுப்பது உசிதம். அச்சு தேய்ந்திருக்க, தைத்தவள் கூலியைப் பிடிப்பது நியாயமாகாது.

துணியை முன்னதாக நனைத்து உலர்த்திக்கொள்ளவேண்டும். சாயம் போகுமா, சுருங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும். முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே செல்வதால், இழுத்தால் நீளும். அதை இழுத்துத் தைத்தல் கூடாது. இஸ்திரிப் பெட்டியையும் தேய்க்காமல் மேலே வைத்து வைத்து எடுக்கவேண்டும்.

நான்கு மூலைகள் ஒரு புள்ளியில் கூடுமிடத்தில், மேல்வரிசை மூட்டின் ஓரத்தை வலப்பக்கமும், கீழ்வரிசையின் ஓரத்தை இடப்பக்கமும் மடித்து அழுத்திக்கொண்டால், இரண்டும் கதவும் நிலையும்போல் ஒன்றையொன்று முட்டி நிற்கும். விரலால் தடவினாலே பொருந்தியது தெரியும். இரண்டு ஓரமும் ஒரே பக்கம் மடிந்தால் அவ்விடம் தடித்து, ஊசி விலகும்.

முனைதான் கடினம். முக்கோணத்தின் கூர், துணியின் வெட்டு விளிம்பைத் தொட்டு நின்றால், அடுத்த தையல் கால் அங்குலத்தை விழுங்கி, கூரை மொட்டையாக்கிவிடும். கூருக்கு மேலே கால் அங்குலத் துணி மிஞ்சவேண்டும். இரண்டு வரிசைகளை இணைக்கையில், மேல்துணியின் கூரில் குத்திய குண்டூசி கீழ்த்துணியின் கூரில் வெளிவரவேண்டும். அந்த ஊசி நேராக நிற்க, அதன் இருபுறமும் வேறு குண்டூசி குத்தி, நடுவூசியை எடுத்துவிடலாம். துணியின் உள்பக்கத்தில் பழைய தையல்கள் இரண்டு குறுக்கிடும் இடமே கூர். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்துத் தைக்கவேண்டும். புதிய தையல் அக்குறுக்கைத் தொட்டோ, வெளிப்புறம் ஓர் இழை தள்ளியோ செல்லலாம். உட்புறம் சென்றால் கூர் போயிற்று.

பாகூர்ப் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் இடையே ஓய்வாயிருக்கும் பெண்கள் இவ்வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முழுப் பட்டையும் தைத்தபின் சோதிப்பது வீண்வேலை. சாய்ந்த விளிம்பைப் பிரித்தால் அது நீண்டு பழைய அளவுக்குத் திரும்பாது. வழவழப்பான துணியில் ஊசித்துளையும் நிற்கும். எனவே முதல் நான்கு துண்டுகளை மூட்டியவுடன் சங்கத்தில் கொண்டுவந்து அளக்கச் செய்யவேண்டும். பன்னிரண்டு அங்குலமும், இரு ஓரத் தையலுக்கு அரை அங்குலமுமாகப் பன்னிரண்டரை இருந்தால், மீதித் துணியை எடுத்துச் செல்லலாம்.