முள்ளில்லாத இலந்தை

கணக்கு எழுதுகிறவன் இன்றைக்குப் பூங்கன்று பற்றிப் பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மொன்றியலில் எங்களில் பலருக்கு வீட்டின் முன்னால் ஒரு சிறு துண்டு நிலம்தான் இருக்கிறது. யூலை வெயிலில் அதில் புல் கருகிவிடும். வேலை முடிந்து களைத்து வந்து தினமும் தண்ணீர் விட யாருக்கு நேரம்?

அந்த இடத்துக்கு ஏற்ற செடியொன்று இந்த மண்ணிலேயே உண்டு. பிரெஞ்சில் 'சேயனோத் டமெரிக்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'நியூ ஜேர்சி ரீ'. தெற்குக் கியூபெக்கிலிருந்து புளோரிடா வரை தானாக வளர்வது. எங்கள் ஊர் இலந்தையும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம்.

உயரம் சுமார் ஒரு மீற்றர். யூன் கடைசியிலும் யூலையிலும் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ பூக்கும். தேனீக்கள் தேடி வரும். தடித்த வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும். வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால் பசளைச் செலவும் குறைவு. 1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியதை அடுத்த காலத்தில், அமெரிக்கக் குடியேறிகள் இதன் இலையைக் காயவைத்தும் தேத்தண்ணீர் போட்டார்கள்.

நல்ல வெயில் விழுகிற, தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். பனி உருகி நிற்கிற பள்ளம் கூடாது. சிறிய கன்றாக வாங்கி மே மாதத்தில் நடுங்கள். முதல் இரண்டு கோடையும் மழை இல்லாத கிழமைகளில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். இளங்கன்றை முயல் கடிக்கும், கம்பிவலை சுற்றிவிடுங்கள். விதை போடுவதானால் முதலில் சுடுநீரில் ஊறவைத்து, பிறகு ஈரமணலில் கலந்து இரண்டு மூன்று மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். வேர் ஆழம் போனபின் இடம் மாற்றினால் பெரும்பாலும் பட்டுப்போகும். ஆகவே நிலையான இடத்தில் வையுங்கள்.

இந்த 'நிலையான இடம்' என்ற சொல்லில்தான் நான் பல வருடம் தடுக்கி நின்றேன். 1994இல் வந்தேன். 2006இல் வீடு வாங்கினேன். ஆனாலும் நிலத்தில் ஒரு கன்றும் வைக்கவில்லை. கறிவேப்பிலை, மல்லிகை எல்லாம் சாடியில்தான். அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடுவோம் என்ற நினைப்பு. ஒருநாள் அம்மா கேட்டார்: "போற ஆளெண்டால் 25 வருசக் கடனுக்கு ஏன் தம்பி கையெழுத்து வைச்சனீ?"

கணக்காளனிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. 2012 மே மாதம் மூன்று கன்று நட்டோம். மூன்றும் நிற்கின்றன. அம்மா அவற்றுக்கு வைத்த பெயர் 'முள்ளில்லாத இலந்தை'. அயலவர் கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்லுகிறார்.

நீங்களும் ஒன்று நட்டுப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.