கேட்டில் வைத்துவிட்டுப் போகும் போன்



சிவகாசிப் பக்கம், ஆனைக்குட்டம் சுற்றுவட்டாரத்துப் பட்டாசு ஆலைகளுக்குள் செல்போனுக்கு இடம் கிடையாது. பீடி, தீப்பெட்டி, லைட்டரோடு அதையும் கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லீவுக்கு வேலைக்குப் போகிற காலேஜ் பையனுக்கு அது சாயங்காலம் வரைக்குமான பிரிவு. பாதியில் நிறுத்திய வேதியியல் வகுப்பு, வாட்ஸ்அப் குழுவில் வந்த பி.டி.எஃப், நாளைக்குக் கெடு முடியும் அசைன்மென்ட் எல்லாம் வாட்ச்மேன் அறையில் தங்கிவிடும். உள்ளே இருப்பதோ பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பொடி. வேதியியல் உள்ளே, வேதியியல் சொல்லித்தரும் கருவி வெளியே. கல்லூரிக் கல்வியில் டிஜிட்டல் தொழில்நுட்பம் எதைச் செய்யும், எங்கே நின்றுவிடும் என்பதை இந்த கேட் காட்டிவிடுகிறது.

முதலில் அந்தத் தொழில்நுட்பம் செய்ததைச் சொல்ல வேண்டும். 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. பெரிய பேராசிரியர்களின் வகுப்புகளைப் படம்பிடித்து யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்தார்கள். 2014-ல் சான்றிதழ்ப் படிப்புகள் வந்தன. 2017 ஜூலையில் மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளம் வந்தது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2021-ல் விதி செய்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டத்துக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டியதில்லை. நான்கு வாரம் பாடம் படித்து, அதில் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே போய்விடலாம்.

பதிவு செய்த வகுப்பின் பெரிய வரம் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம் என்பதுதான். வகுப்பில் கையைத் தூக்கி "சார், இன்னொரு தடவை" என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, வீட்டில் அதே வரியைப் பத்துத் தடவை ஓட்டிக் கேட்கும். பட்டாசுக்கான காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டே இயர்போனில் கேட்கும். கை தன் போக்கில் ஓடும், காது பாடத்தில் இருக்கும். இந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறை அமைவது கஷ்டம்.

இதையெல்லாம் தமிழ் முன்பே யோசித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2001 பிப்ரவரியிலேயே தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டுவிட்டது. இப்போது அதற்குப் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். அதற்கு முன்னின்ற வா.செ. குழந்தைசாமி, மழை நீர் ஆற்றில் எப்படி வந்து சேர்கிறது என்று கணக்குப் போட்ட நீரியல் அறிஞர், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை இருக்கும் ஆனைக்குட்டத்தில் அவர் பெயரைச் சொல்வது பொருத்தம்தான். ஆனால் இன்று பல தொழில்நுட்ப வகுப்புகளுக்கு வரும் மொழிபெயர்ப்புத் தமிழ் இருக்கிறதே, அதைப் புரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆங்கில மூலம் வேண்டியிருக்கிறது.

வசதியில் பள்ளம் இல்லாமல் இல்லை. 2017–18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமங்களில் இணைய வசதி இருந்த வீடுகள் சுமார் 15 சதவீதம். கம்ப்யூட்டர் இருந்தவை 4 சதவீதம் சொச்சம். இரண்டு வருஷத்தில் கொரோனா வந்து கல்லூரியைப் பூட்டியது. தமிழக அரசு 2011 முதல் கொடுத்த இலவச லேப்டாப்பும், 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தந்த நாளுக்கு 2 ஜி.பி. டேட்டா கார்டும் அந்த நேரத்தில் கைகொடுத்தன. அப்படியும் டவர் கிடைக்காமல் மொட்டை மாடிக்கும் தண்ணீர்த் தொட்டிப் படிக்கும் ஏறிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

வசதி வந்துவிட்டால் படிப்பு வந்துவிடுமா? எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய ஆன்லைன் படிப்புகளின் கணக்கு 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017–18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். உலகத்தின் பெரிய பேர் வாங்கிய இரண்டு பல்கலைக்கழகங்களின் கதி இது! என்.பி.டி.இ.எல். ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. கற்பது இணையத்தில், தேர்வோ நேரில், மையத்துக்குப் போய், கண்காணிப்பாளர் முன்னால். மதிப்பெண்ணில் 75 அந்தத் தேர்வுக்கு, 25 வாராந்திர அசைன்மென்ட்டுக்கு. கல்லூரியிலேயே வழிகாட்டும் ஆசிரியரும் உண்டு. யாரோ ஒருவர் "போன வாரத்து அசைன்மென்ட் போட்டாச்சா?" என்று கேட்பதால்தான் பலர் பன்னிரண்டாவது வாரம் வரை தாக்குப் பிடிக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

பக்கத்தில் ஆள் இருந்து கற்பதற்குச் சிவகாசியின் பழைய கதையும் ஒரு சாட்சி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பக்கத்தில் நின்று, கையால் செய்து பார்த்துக் கற்ற தொழில் அது. அவர்களில் ஒருவர் பெயரில் 1963-ல் கல்லூரியே வந்துவிட்டது.

தப்பு செய்து கற்கவும் ஓர் இடம் வேண்டும். கம்ப்யூட்டரிலேயே சோதனை செய்து பார்க்கும் வெர்ச்சுவல் லேப் அதற்குத்தான். திரையில் கலவை விகிதம் தப்பினால் சிவப்பாக ஒரு வரி வரும், அவ்வளவே. ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் தப்பினால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர் போனது. முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிப்போய் நின்றவர்களும் அதில் இருந்தார்கள்.

ஆனைக்குட்டத்தில் மத்திய அரசின் பட்டாசு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு மையம் இருக்கிறது. அதே வட்டாரத்தில் முப்பது, நாற்பது வருஷம் மருந்து பார்த்த போர்மேன்கள் இருக்கிறார்கள். காற்றில் ஈரம் ஏறினால் கலவை எப்படி நடந்துகொள்ளும், எந்த வேளையில் வேலையை நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவு பெரும்பாலும் அவர்கள் வாயோடு நிற்கிறது. இத்தனை வருஷம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் திரையிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார்கள். திரையில் போடவும் இங்கே சரக்கு இருக்கிறது. இன்று வேதியியலில் பட்டம் வாங்குபவருக்குக் காரணம் தெரியும். அடுத்த தெரு பெரியவருக்குக் காரியம் தெரியும்.

நாலு நிமிஷப் படம் ஒன்றில் தொடங்கலாம். மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டை ஏன் தொட வேண்டும் என்பதே பாடம். உடம்பில் தேங்கிய மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். நைலான் சேலை ஏன் ஆகாது, பருத்தி ஏன் வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்து புரிந்துவிடும். வேலை நடக்கும் இடத்தில் கேமரா கொண்டுபோக முடியாது. கழுவித் துடைத்த காலி அறை வேண்டும், மருந்து வாடையே இல்லாத ஞாயிற்றுக்கிழமை வேண்டும், ஓய்வுபெற்ற போர்மேன் ஒருவர் வேண்டும். அவர் பேசுவது அவருடைய தமிழாகவே இருக்கட்டும், யாரும் திருத்த வேண்டாம்.