பக்கத்து மாவட்டத்துக் கிணறு, நம்ம ஊர் விவகாரம்

(சிவகாசி தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னிக்கு எண்ணெய்க் கிணறு பத்திப் பேசப் போறேன். "சிவகாசிக்கும் எண்ணெய்க் கிணறுக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேப்பீங்க. சொல்றேன்.

அனுமதின்னா என்னன்னு நம்மளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. நாக்பூர் லைசென்ஸா, டி.ஆர்.ஓ. லைசென்ஸான்னு இங்க சின்னப் பிள்ளையும் பேசும். அறைக்கு 4 பேர், இவ்வளவுதான் மருந்து, இவ்வளவு இடைவெளின்னு நிபந்தனை எல்லாம் தாளில் இருக்கும். அந்தத் தாளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்காதப்ப என்ன நடக்கும்? 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பார்த்தோம். சுமார் 40 உயிர். அனுமதி கொடுக்கிறது பாதி வேலை. கண்காணிக்கிறதுதான் மீதிப் பாதி. ரத்தம் சிந்திப் படிச்ச பாடம் இது.

இப்ப ராமநாதபுரத்துக்கு வாங்க. அந்த மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. நிறுவனம் 2023 அக்டோபரில் விண்ணப்பித்தது. ஒவ்வொன்றும் 2,000 முதல் 3,000 மீட்டர் ஆழம். 2025 மார்ச் 11 அன்று மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. ஊருக்கெல்லாம் செய்தி தெரிந்தது ஆகஸ்டில்! எதிர்ப்பு கிளம்பியதும், ஹைட்ரோகார்பன் திட்டங்களைத் தமிழ்நாட்டின் எந்தப் பகுதியிலும் அனுமதிக்க மாட்டோம், அனுமதியைத் திரும்பப் பெற ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருக்கிறோம் என்று சுற்றுச்சூழல் துறை அமைச்சர் அறிக்கை விட்டார். அந்த அமைச்சர் தங்கம் தென்னரசு, நம்ம மாவட்டத்துத் திருச்சுழி தொகுதிக்காரர்.

சரி, மக்களுக்குத் தெரியாம இது எப்படி நடந்தது? சட்டமே அப்படித்தான் இருக்கு, தோழர்களே. 2006 அறிவிக்கைப்படி எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்கள் 'ஏ' பிரிவில் இருந்தன. தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேணும், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேணும், டெல்லி பரிசீலிக்கணும். 2020 ஜனவரி 16-ஆம் தேதி ஒன்றிய அரசு ஒரு திருத்தம் போட்டு, ஆய்வுக் கிணறுகளை 'பி2' பிரிவுக்குத் தள்ளியது. அறிக்கையும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம், மாநில ஆணையமே முடிச்சிரலாம். நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-இல் கொதிச்சது நினைவிருக்கா? அப்படிக் கேள்வி கேக்கிற மேடையையே சத்தமில்லாமக் கழட்டிட்டாங்க.

அடுத்த மாசமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனா அது காவிரி டெல்டாவுக்கு. ராமநாதபுரமும் அதில் இல்ல, விருதுநகரும் இல்ல. வானம் பார்த்த பூமின்னா காவல் வேண்டாமா?

நம்ம திருச்சுழியைத் தொட்டு ஓடுற குண்டாறு ராமநாதபுரத்துக்குள்ளதான் போகுது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின முண்டு மிளகாய் விளையுற மண் அது. வத்தல் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகருக்கு அந்த மண் யாரோ எவரோ இல்ல. சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் அதே மாவட்டத்தில்தான்.

நாங்க வேலைவாய்ப்புக்கு எதிரி இல்ல. பட்டாசுக்குக் கட்டுப்பாடு வந்தப்ப அடுப்பு எரியாத வீடுகளை நாங்க பார்த்திருக்கோம். நாங்க கேக்குறது ஒண்ணுதான்: எங்க தண்ணி, எங்க நிலம்னா முதல்ல எங்கள்ட்ட கேளு.

என்ன செய்யணும்? நாலு விஷயம் குறிச்சுக்கோங்க.

1. ஒன்றிய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் விண்ணப்பமும் அனுமதி ஆணையும் இருக்கும். நம்ம இளைஞர்கள் மாசம் ஒரு தடவை மாவட்டப் பேரைப் போட்டுத் தேடணும்.

2. அனுமதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போக, ஆணை தெரிவிக்கப்பட்ட நாள்லேர்ந்து 30 நாள்தான். தக்க காரணம் காட்டினா இன்னும் 60 நாள். அதுக்கு மேல கதவு அடைச்சாச்சு. மார்ச்சில் கொடுத்தது ஆகஸ்டில் தெரிஞ்சா, நாள் கணக்கு எப்ப தொடங்குச்சுன்னே முதல்ல வழக்காடணும்.

3. கிராம சபையில் தீர்மானம் போடுங்க. வருஷத்துக்கு 6 கூட்டம் இருக்கு. தீர்மானத்துக்கு நகல் வாங்கி வையுங்க.

4. அனுமதி வாங்கின எந்த நிறுவனமும் நிபந்தனைகளை நிறைவேத்துறதைப் பத்தி 6 மாசத்துக்கு ஒரு தடவை அறிக்கை கொடுக்கணும். கொடுத்தாங்களான்னு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க.

அமைச்சரின் வாக்குறுதியை வரவேற்கிறோம். ஆனா தாளில் தந்த அனுமதியைத் தாளில்தான் ரத்து செய்ய முடியும். ஆய்வுக் கிணறுகளை மறுபடியும் 'ஏ' பிரிவுக்குக் கொண்டு வரணும், கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் திருப்பித் தரணும். இதுதான் நம்ம கோரிக்கை. ஒன்றிய அரசுக்கும் இதைத்தான் சொல்றோம், மாநில அரசுக்கும் இதைத்தான் சொல்றோம்.

தீப்பொறி விழுந்த பிறகு ஓடுறவன் பட்டாசுத் தொழிலாளி இல்ல. விழாம பார்த்துக்கிறவன்தான் தொழிலாளி. அந்தக் கவனம் நம்ம மண்ணுக்கும் வேணும்.

படிச்சவங்க பகிருங்க. ராமநாதபுரத்துச் சொந்தபந்தங்களுக்கு முதல்ல அனுப்புங்க.