காய்ச்சல் விட்ட பின்: டெங்கியும் நம் சொற்களும்



டெங்கு, டெங்கி, டிங்கி என மூவகையாக எழுதப்படும் சொல்லின் வடிவம் பற்றி வாதிட நாம் இங்கு வரவில்லை. சிங்கப்பூரில் 'டெங்கி' என எழுதுகிறோம், அதுவே போதும். நோய் தாக்கும் வயது மாறியும் அதைப் பற்றிய நம் பேச்சு மாறாதிருப்பதே இன்றைய பொருள்.

1960களில் இத்தீவில் டெங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சல் பெரும்பாலும் சிறாரின் நோய். அன்று ஆய்வுக்குள்ளான வீடுகளில் ஏறத்தாழப் பாதியில் ஏடிஸ் கொசு இனப்பெருக்கம் செய்தது. 1968இல் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கச் சட்டம் வந்தது. பூச்சாடித் தட்டும், துணி உலர்த்தும் மூங்கில் கழியைச் செருகும் குழாயும்கூட அதிகாரிகளின் சோதனைக்கு உள்ளாயின. 1980களின் தொடக்கத்தில் அவ்வளவு நூற்றுக்கு இரண்டு என்னும் அளவுக்கு இறங்கியது.

ஆயினும் அப்பதிற்றாண்டின் பிற்பகுதியிலேயே நோய் மீண்டது; இம்முறை பெரியவர்களிடம். காரணம் வெற்றியிலேயே இருந்தது. கொசு குறைந்ததால் ஒரு தலைமுறை கிருமியைச் சந்திக்காமலே வளர்ந்தது. எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே நோய் பரவச் சில கொசுக்களே போதும். வீட்டுக் கொசு குறைய, பணியிடக் கடியும் கணக்கில் சேர்ந்தது. 2020இல் 35,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

இனி மொழிக்கு வருவோம். 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்றால் தமிழர்க்கு 'குணமாகிவிட்டது' என்றே பொருள். வினைமுற்றோடு கவலையும் முடிகிறது. டெங்கியிலோ, காய்ச்சல் இறங்கும் வேளையே இடர்மிக்கது. அப்போதுதான் இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிகிறது; அடுத்த ஓரிரு நாள்களில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு தோன்றலாம். குழந்தையாயின் தாய் உடனிருந்து பார்ப்பார். காய்ச்சல் விட்ட நாற்பது வயதுத் தொழிலாளி வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்; அவரைத் தடுப்பார் யார்?

முதியோர் நிலை இன்னும் நுட்பமானது. இளமையில் ஒருவகைக் கிருமியால் தாக்குண்டவர்க்கு, நான்கு வகைகளுள் மற்றொன்று தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி. சிலர்க்குக் காய்ச்சலே பெரிதாய்த் தெரியாது, அவர்களிடம் 'காய்ச்சலா?' எனக் கேட்டால் 'இல்லை' என்பர். 'காய்ச்சல் மாத்திரை' என்னும் பொதுச்சொல்லும் போதாது. பாராசிட்டமால் ஏற்கத்தக்கது, ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டவல்லவை. இதய நோய்க்காக ஆஸ்பிரின் உண்ணும் முதியவரோ அதனை மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை; 'இரத்தம் கட்டாதிருக்கத் தந்தது' என்பார்.

ஆகவே துண்டறிக்கை எழுதுவோர்க்கு நாம் முன்வைப்பது இது: 'காய்ச்சல் விட்டால்' எனத் தொடங்கி, 'அன்றே மருத்துவரிடம் மீண்டும் செல்க' என முடியும் ஒரு வாக்கியத்தை முதல் வரியாக அச்சிடுக. பூச்சாடி இரண்டாம் வரியில் வரட்டும்.